பதினோராம் இலக்கத்தின் சாட்சி

நாற்பத்தாறு வயதில் நான் திரும்பவும் மாணவியானேன். ஆசைப்பட்டு ஆனேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். சாம்பல்தீவில் ஒரு முன்பள்ளியில் பதினேழு வருடமாக நான் ரீச்சர். மூக்கொழுக வருகிற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கப் பழக்கி, ஆனா ஆவன்னா காட்டி, அழாமல் முதலாம் வகுப்புக்கு அனுப்பிவைக்கிற வேலை. அப்படி இருக்க ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. டிப்ளோமா இல்லாதவர்கள் அடுத்த வருடத்திலிருந்து ஆசிரியை இல்லையாம், உதவியாளராம். என்னிடம் படித்துப் போன பெட்டை ஒருத்தி டிப்ளோமாவோடு வந்து ரீச்சராக நிற்பாள், நான் பக்கத்தில் நின்று அவளுக்குக் களிமண் பிசைந்து கொடுக்க வேண்டும். அதைவிட வீட்டில் இருந்து மாவிடிக்கலாம் என்று மூன்று நாள் கத்தினேன். நான்காம் நாள் விண்ணப்பப் படிவம் தேடினேன்.

வேலையையும் விடாமல், தமிழில், வீட்டில் இருந்தபடியே படிக்கக்கூடியதாக எனக்கு அகப்பட்டது ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் இணைய வகுப்புத்தான். கல்லூரி எங்கேயோ வேறு மாவட்டத்தில். அதன் வாசல் படலையைக்கூட இன்றுவரை நான் கண்டதில்லை. படிவத்தில் சமயம் என்ற இடத்தில் இந்து என்று நான் எழுத, என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எடுப்பார்களோ என்று கேட்டார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் வந்தால் கயிறு பிடித்துக் கட்டுகிற படகில் போகிறவர். எந்தக் கொடியோடு வந்தாலும் நாங்கள் ஒரே மாதிரித்தான் கட்டுகிறோம், அவர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று தன் கேள்விக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். எடுத்தார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கும் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகும் வகுப்பு. எங்கள் வீட்டில் சிக்னல் குசினிக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும். ஆகவே அங்கே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, மடியில் கொப்பி, கையில் போன் என்று நான் உயர்கல்வி கற்றேன். ஒருநாள் பாடத்தின் நடுவில் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. யாருடைய வீட்டிலோ மாடு கத்துகிறது, ஒலிவாங்கியை மூடுங்கள் என்றார் எங்கள் விரிவுரையாளர். மாடு இல்லை ஐயா, கோதுமை ஏற்றி வந்த கப்பல் என்று நான் சொல்ல, மலைநாட்டிலிருந்து படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கப்பலைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். என்னிடம் காட்டுவதற்குக் கோழிதான் இருந்தது.

சனிக்கிழமையில் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்ப்பார். அவரோடு சண்டை பிடிப்பதைவிட வெளியே போவது லேசு என்று நான் கோட்டைப் பக்கம் போய் ஒரு மரத்தடியில் இருந்து படிப்பேன். அப்படி ஒரு சனிக்கிழமை மான் ஒன்று வந்து, நான் அன்று எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படையில் இரண்டு பக்கத்தைத் தின்றுவிட்டது. வெளியூர்க்காரருக்கு மான் அதிசயம். எங்களுக்கு அது தெருவில் திரிகிற இன்னொரு சீவன், கடதாசி என்றால் விடாது. ஒப்படை எங்கே என்று ஐயா கேட்டார். மான் தின்றுவிட்டது என்றேன். இருபது வருடமாகப் பொய் கேட்கிறேன், இது புதிது என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே ஏறிவிட்டது. போனைத் திருப்பினேன். வாயோரத்தில் என் கையெழுத்துத் தொங்க மான் நின்று மென்றுகொண்டிருந்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, ஒரு கிழமை அவகாசம் தந்தார்.

அந்த ஐயா ஒரு போதகர். தேவாலயத்துப் பிரசங்கத்தையும் சிறுவர் உளவியலையும் ஒரே குரலில் சொல்வார். எங்களைச் சகோதரி என்றுதான் கூப்பிடுவார். வகுப்பு ஜெபத்தோடு தொடங்கும். முதல் நாள் எல்லோரும் கண்ணை மூட நானும் மூடினேன். எப்போது திறப்பது என்று தெரியவில்லை. ஆமென் என்ற குரல்கள், சிக்னல் நல்ல வீட்டிலிருந்து முந்தியும் கெட்ட வீட்டிலிருந்து பிந்தியுமாக வந்து ஓய்ந்தன. என் ஆமென் அவர் பேசத் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்து, நன்றி சகோதரி என்றார். நல்ல மனிதர். ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. ஜெபம் முடிந்த கையோடு வரவு இடாப்பை எடுப்பார். இலக்கம் இலக்கமாகக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் வரவில்லை என்று கோடு. வரவு குறைந்தால் பரீட்சை எழுத ஏலாது. பரீட்சை எழுதாவிட்டால் டிப்ளோமா இல்லை.

படிப்பு எனக்குப் பிடித்துப்போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிற பிள்ளைக்கு நான் இத்தனை வருடமாக என்ன செய்தேனோ அதற்கெல்லாம் ஒரு பெயரும் ஒரு காரணமும் இருந்தன. அட, நான் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை என்று அறிகிறபோது ஒரு சந்தோஷம் வந்தது. கொப்பிகளுக்கு மண்ணிறக் கடதாசியில் உறை போட்டேன். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டை வீட்டுக்காரர் பொறுப்பெடுத்தார். ஆகவே எல்லாப் புதன்கிழமையும் பாணும் சம்பலும்தான். வகுப்பில் சரியான பதில் சொன்ன நாட்களில் சம்பலில் உறைப்புக் கூடினாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பில் என் இலக்கம் பதினொன்று. எனக்கு அடுத்த பன்னிரண்டாம் இலக்கம் கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் பெண். அவளும் முன்பள்ளி ரீச்சர், அவளுக்கும் அதே கடிதம். என்னைவிட எட்டு வயது இளமை. முழு வகுப்பிலும் கிறிஸ்தவர் இல்லாதவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். முதல் மாதத்திலேயே அவள் பஸ் பிடித்துப் பட்டணத்துக்கு வந்து, சந்தைக்குப் பக்கத்தில் என்னைக் கண்டு, நான் தவறவிட்ட குறிப்புகளையும் தேங்காய்ப்பாலில் கிண்டிய ஒரு பெட்டி தொதலையும் தந்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் எனக்குப் பன்னிரண்டு, நான் அவளுக்குப் பதினொன்று அக்கா. வகுப்பில் அவள் முகத்தை யாரும் கண்டதில்லை. வீட்டில் மைத்துனன்மார் நடமாடுகிற விறாந்தையில் இருந்து படிக்கிறாள், கமராவை எப்போதும் மூடியே வைத்திருப்பாள்.

அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. புதன்கிழமை ஆறே காலுக்கு ஐயா இடாப்புக் கூப்பிடுகிற அந்த நேரம்தான் மஃரிப் தொழுகை நேரம். பொழுது பட்டதும் தொழுகிற தொழுகை அது, அதிகம் பிந்த முடியாது. அவள் எழுந்து போய்விடுவாள். பத்து நிமிடத்தில் வந்தால் இடாப்பு மூடியிருக்கும். பாடம் முழுக்கக் கேட்பாள், கேள்விக்குப் பதில் சொல்வாள், ஆனால் கோடு விழுந்தது விழுந்ததுதான். இப்படி நாலைந்து கோடு விழுந்ததும் எனக்குப் போன் எடுத்து அழுதாள். ஐயாவிடம் சொல் என்றேன். பயமாக இருக்கிறது என்றாள். நான் யோசிக்கிற ஆள் இல்லை. நீ போய்த் தொழு, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை ஐயா பதினொன்று என்றார். ஓம் ஐயா என்றேன். பன்னிரண்டு என்றார். தொண்டையைக் கொஞ்சம் மெல்லிசாக்கி, ஓம் சேர் என்றேன். அவள் அவரைச் சேர் என்றுதான் சொல்வாள். அந்த அளவுக்கு நான் கவனம். ஐயா இடாப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதிமூன்று என்றார். இரண்டு மாதம் இப்படி நடந்தது. என் நடிப்பில் எனக்கே பெருமை. வீட்டுக்காரரிடம் செய்துகாட்டினேன். கிண்ணியாக்காரி மாதிரி இல்லை, மூக்கடைத்துத் தடிமன் பிடித்த பூனை மாதிரி இருக்கிறது என்றார்.

கடைசித் தவணையில் ஒரு திங்கட்கிழமை கல்லூரிக் காரியாலயத்திலிருந்து வகுப்புக் குழுவுக்கு ஓர் அறிவித்தல் வந்தது. வரவுப் பதிவில் முறைகேடு செய்வோர் விசாரணையின் பின் நீக்கப்படுவர். போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாள் ஐயாவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி. புதன்கிழமை பாடம் தொடங்க முன்னம் நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும், பத்து நிமிடம் போதும், ஒளிக்காமல் மனம் திறந்து சொல்லுங்கள், பன்னிரண்டாம் இலக்கத்துக்கும் அறிவித்திருக்கிறேன் என்று அதே பிரசங்கக் குரலில் சொல்லியிருந்தார். நான்கு தரம் கேட்டேன். நான்கு தரமும் அதையேதான் சொன்னார்.

சாட்சி என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஓர் அர்த்தம்தான். நான் பிறந்த திரியாயில் என் அப்பா ஒருமுறை, யாருடைய மாடு யாருடைய வயலில் இறங்கியது என்று சாட்சி சொல்ல வழக்குக்குப் போனார். அந்த வழக்கு எத்தனையோ தவணை இழுபட்டது. அதற்குள் மாடு செத்துப்போனது. மாட்டுக்காரனும் வயல்காரனும் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துச் சம்பந்திகள் ஆனார்கள். இரண்டு பகுதியும் கதைக்காமல் விட்டது அப்பாவோடு மட்டும்தான். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்குச் சாட்சி என்ற சொல்லே ஆகாது. வீட்டுக்காரர் வேறு தன் பங்குக்கு, சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று பழமொழி எடுத்துவிட்டார். இங்கே சாட்சிக்காரியும் நான், சண்டைக்காரியும் நான், யாருடைய காலில் விழுவது என்று கேட்டேன். அவர் பாண் வாங்கப் போய்விட்டார்.

பன்னிரண்டுக்குப் போன் எடுத்தேன். அவள் வேறு வகையில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“எங்கட கலிமாவே சாட்சிதான் அக்கா. அல்லாஹ் ஒருவன்தான் எண்டு சாட்சி சொல்றது. அதை இவரு ஏன் கேக்காரு? என்னை மாத்தப் பாக்காரோ?”

மதமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, இது விசாரணை, நாங்கள் பிடிபட்டுவிட்டோம் என்று அறிவித்தலை வாசித்துக் காட்டினேன். அவள், தன் தெருவில் சின்னப்பிள்ளை முதல் கிழவர் வரைக்கும் தன்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இனி என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை உலுப்பிவிட்டது. என்னால் வந்த வினை. அவள் கோட்டோடு நின்றிருந்தாலாவது பரீட்சைதான் போயிருக்கும், அடுத்த வருடம் திரும்ப எழுதலாம். நான் செய்த உதவியால் இப்போது ஆளையே நீக்கப் போகிறார்கள். அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்: அவளுக்கு ஒன்றும் தெரியாது, நானாகத்தான் செய்தேன் என்று சொல்லிவிடுவது. சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. பொய்ச் சாட்சி தங்கள் மார்க்கத்தில் பெரிய பாவம், தன் பேரால் யாரும் அதைச் செய்ய வேண்டாம் என்றாள். உங்களுடைய மார்க்கத்தில்தானே, எங்களுடையதில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். எங்களுடையதிலும் அது பாவம்தான் என்பது வேறு கதை.

புதன்கிழமை நல்ல சேலை கட்டினேன். கோழிக்கூட்டுக்கு முன்னால் சரிகைச் சேலையும் குங்குமமுமாக இருக்க எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் கமராவுக்குப் பிடிபடாத இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு, சட்டத்தரணி மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஐயா ஜெபம் செய்தார். பிறகு, இன்று நமது சகோதரி தமது சாட்சியை நம்மோடு பகிர்ந்துகொள்வார் என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். ஆளை நீக்கப் போகிறவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

நான் எழுந்து நின்றேன். வலக்கையை உயர்த்தினேன். நான் சொல்வதெல்லாம் உண்மை என்று தொடங்கினேன். யாரோ ஒரு பிள்ளை ஆமென் என்றது. கடந்த இரண்டு மாதமாகப் புதன்கிழமைகளில் பன்னிரண்டாம் இலக்கத்துக்கு ஓம் சேர் என்று சொன்னது நான்தான், குரலை மாற்றிச் சொன்னேன், இன்னின்ன நாட்கள் என்று கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன். ஐயாவின் சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரிந்தது. அதிலிருந்து நான் ஏதாவது விளங்கியிருக்க வேண்டும். எங்கே விளங்கியது! தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? நான் என் பாட்டில் போய்க்கொண்டே, இதில் பன்னிரண்டாம் இலக்கத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, அவவுக்கு இது தெரியவே தெரியாது என்று சொல்லும்போது, திரையில் எப்போதும் கறுப்பாக இருக்கிற ஒரு பெட்டி வெளித்தது.

பன்னிரண்டு கமராவைத் திறந்திருந்தாள். தொழுகைக்கு உடுத்த வெள்ளை உடுப்போடு இருந்தாள். வகுப்பு முதல்முதலாக அவள் முகத்தைப் பார்த்தது.

“சேர், அக்கா சொல்றது பொய். எனக்குத் தெரியும். நான் தொழப் போற நேரத்தில அவங்க எனக்காகச் சொன்னாங்க. நீக்கிறதா இருந்தா என்னை நீக்குங்க.”

என் கோழி கத்தியது. பிறகு மலைநாட்டிலிருந்து படிக்கிற மூன்றாம் இலக்கப் பிள்ளை ஒலிவாங்கியைத் திறந்து, அடக்க முடியாத சிரிப்போடு, அக்கா, யார் பேசினாலும் அவங்க பெட்டியைச் சுத்திப் பச்சைக் கோடு மின்னும், பன்னிரண்டுக்கு நீங்க ஓம் சேர்னு சொல்றப்ப எல்லாம் பதினொன்னுதான் மின்னும், எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும் என்றாள். இரண்டு மாதம்! முப்பது பேர் என் பெட்டி மின்னுவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். தெரியாமல் இருந்தது இடாப்பை விட்டுக் கண்ணை எடுக்காத ஐயாவுக்கும், நடிப்பில் மூழ்கிக் கிடந்த எனக்கும்தான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஐயா மெதுவாகக் கேட்டார்.

“சகோதரி, நான் கேட்டது அந்தச் சாட்சி இல்லை.”

தேவாலயத்தில் சாட்சி என்றால், கடவுள் தன் வாழ்க்கையில் செய்த ஒரு நன்மையை எழுந்து நின்று மற்றவர்களுக்குச் சொல்வதாம். கடைசித் தவணையில் ஒவ்வொரு கிழமையும் ஒருவரை அப்படிச் சொல்ல வைப்பது கல்லூரியின் வழக்கமாம். நீங்கள் வேறு சமயம் என்றாலும் உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், விருப்பமாகக் கேட்போம் என்றுதான் முதலில் எங்கள் இருவரையும் அழைத்தாராம். அறிவித்தல் எல்லா வருடமும் பரீட்சைக்கு முன்னால் போடுகிற அறிவித்தலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று என்னைப் பார்த்து நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரர் சட்டத்தரணி வேலையை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

வகுப்புகள் எல்லாம் பதிவாகின்றன, நான் சொன்னதும் பதிவாகிவிட்டது. இதைத் தான் கேட்கவில்லை என்று இருக்கத் தனக்கு ஏலாது, கல்லூரி அதிபரிடம் அறிவித்தே ஆக வேண்டும் என்றார் ஐயா. குரலில் பிரசங்கம் இல்லை. பிறகு பன்னிரண்டைப் பார்த்து, தொழுகைக்குப் போக வேண்டும் என்று ஏன் தன்னிடம் கேட்கவில்லை என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, கிறிஸ்தவக் கல்லூரியில் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை சேர் என்றாள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். தான் ஒவ்வொரு புதனும் பதினைந்து நிமிடம் ஜெபம் செய்துவிட்டு அந்தக் கையோடு இடாப்பை எடுத்ததைச் சொன்னார். என்னுடைய ஜெபத்துக்கு நேரம் வைத்த எனக்கு உங்களுடையதற்கு வைக்கத் தோன்றவில்லையே, அதையும் அதிபரிடம் சொல்கிறேன் என்றார். அன்று பாடம் நடக்கவில்லை.

பிறகு இரண்டு கிழமை சோறு இறங்கவில்லை. இவ்வளவு நாளும் சான்றிதழுக்காகத்தான் படிக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள் நான். அந்த இரண்டு கிழமையில்தான் தெரிந்தது, உறை போட்ட அந்தக் கொப்பிகளை அலுமாரியில் வைத்துப் பூட்ட எனக்கு மனம் வராது என்று. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். ஒரு பிள்ளை என்னைப் பார்த்து, ரீச்சருக்குப் பசிக்குது என்றது. அவர்களுக்குத் தெரிந்த துக்கம் அது ஒன்றுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இடைவேளையில் அதிபர் அம்மா போன் எடுத்தார். வயதான, நிதானமான குரல். பிள்ளைகள் சத்தம் போட, நான் முன்பள்ளியின் கிணற்றடிக்குப் போய் நின்று கதைத்தேன். நடந்ததைக் கேட்டார், சொன்னேன். பொய் சொல்லப் பார்த்ததையும் சொன்னேன். கடைசியாக, இவ்வளவு ஆபத்தில் இறங்க உங்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்டார். எனக்குச் சுரீர் என்று வந்தது. இரண்டு கிழமைப் பயமும் கோபமாக மாறி வாயில் நின்றது.

“ஒண்டும் கிடைக்கேல்லை அம்மா. அவ என்ர அடுத்த இலக்கம். அடுத்த இலக்கத்துக்கு ஓம் சொல்லாட்டி வேறை ஆருக்குச் சொல்றது?”

சொன்ன பிறகுதான் யாரோடு கதைக்கிறேன் என்று நினைவு வந்தது. சரி மகள், கடிதம் வரும் என்றார் அவர். மகள் என்று சொல்லிவிட்டு நீக்குவார்களோ என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தன்னுடைய மேலதிகாரி தம்பி தம்பி என்று சொல்லித்தான் எல்லா வேலையும் வாங்குகிறான் என்றார் அவர்.

மற்றப் புதன்கிழமை, வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, கடிதம் போனுக்கு வந்தது. எனக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே நேரத்தில், தனித்தனியாக. திறந்தேன். மேற்படி விடயம் தொடர்பாக, இத்தால் அறியத்தருவது யாதெனில், கல்லூரி ஒழுக்கக் கோவையின் பிரகாரம் என்று வசனம் வால் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. நீக்கம் என்ற சொல்லைத் தேடினேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து எழுத்தெல்லாம் கலங்கியது. ஓர் இடத்தில் நீக்கம் என்று இருந்தது. யாருடைய நீக்கம், எதனுடைய நீக்கம் என்று விளங்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். வீட்டுக்காரர் அப்போதுதான் படகிலிருந்து வந்தவர், ஈரக் கையோடு போனை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. அந்த நேரம் பன்னிரண்டு போன் எடுத்தாள்.

வாசித்துவிட்டாயா என்றேன். இரண்டு பக்கம் இருக்கிறது, தான் முதல் வரியைத் தாண்டவில்லை என்றாள். ஆனால் அவள் குரலில் அழுகை இல்லை. பத்து வருடமாகச் சின்னப்பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுக்கிறவள், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டியிருக்கிறாள்.

“அக்கா, முதல் வரியப் பாருங்க. ‘எமது மாணவியாகிய தங்களுக்கு’ எண்டு போட்டிருக்கு. ‘மாணவியாக இருந்த’ எண்டு போடல்ல.”

நான் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் போட்டிருந்தது. சத்தமாக வாசித்தேன். அவள் அந்தப் பக்கம் தன்னுடையதை வாசித்தாள். வீட்டுக்காரர் குசினி வாசலில் நின்று, என்னவாம், என்னவாம் என்று கேட்டுக்கொண்டிருக்க, இரண்டு ரீச்சர்மாரும் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். நான் வாய்விட்டு அழுதேன்.

மிச்சத்தைப் பிறகுதான் வாசித்தோம். நீக்கம் அவளுடைய இரண்டு மாத வரவுக்குத்தான். அதற்கு ஈடாக அவள் பத்து நாள் வேறொரு முன்பள்ளியில் பயிற்சி செய்ய வேண்டும், செய்தால் பரீட்சை எழுதலாம். எனக்குக் கடும் எச்சரிக்கை. பயிற்சிக்கு எந்த முன்பள்ளி என்று எழுத ஒரு வெற்றிடம் விட்டிருந்தார்கள். என்னைக் கேட்காமலே அவள் அதில் சாம்பல்தீவு என்று என் பள்ளியையே எழுதி அனுப்பிவிட்டாள்.